வைட் ஆங்கிள் லென்ஸில் என்ன கோளாறு? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வைட் ஆங்கிள் லென்ஸ் மேல் வரும் புகார்களைப் பிரித்துப் பார்த்தால், கண்ணாடியில் உண்மையாகவே கோளாறு இருப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் நின்ற இடம், கேமராவைப் பிடித்த சாய்மானம், மெனுவில் மறந்துபோன ஒரு தேர்வு, முன்னால் திருகிய மலிவு ஃபில்டர். அதனால் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன்போ, இருப்பதை விற்றுவிட்டு இன்னும் விலை கூடிய லென்ஸுக்குப் போகும் முன்போ, கீழே உள்ளவற்றில் உங்கள் பிரச்சினை எது என்று பாருங்கள். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். 36 × 24 மி.மீ. சென்சார் உள்ள ஃபுல் பிரேம் மிரர்லெஸ் கேமராக்களை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். சோனி, நிக்கான், கேனன், எல் மவுன்ட் (மவுன்ட் என்பது லென்ஸைப் பூட்டும் வளையம்) எதுவானாலும் கணக்கு மாறாது. லென்ஸின் மி.மீ. அளவு குறையக் குறையக் காட்சி அகலும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

16 மி.மீ. வாங்கியும் வைட்டாகத் தெரியவில்லை

கிராப் மோடைப் பாருங்கள். மெனுவில் ஏபிஎஸ்-சி அல்லது டிஎக்ஸ் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். கைபட்டு அது ஆன் ஆகியிருந்தால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும், 16 மி.மீ. லென்ஸ் 24 மி.மீ. போலத் தெரியும். படத்தின் மெகாபிக்சலைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 33 மெகாபிக்சல் கேமராவில் 14 மெகாபிக்சல் படம் வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

ஃபோட்டோவில் சரியாக இருந்து வீடியோவில் மட்டும் குறுகினால், அது ஃபிரேம் ரேட் விவகாரம். சோனி ஏ7 மார்க் 4 கேமராவில் 4கே 60 ஃபிரேம் வைத்தால் 1.5 மடங்கு கிராப் தானாக வந்துவிடும். நிக்கான் இசட்6-இன் இரண்டாம் பதிப்பிலும் 4கே 60 அப்படித்தான். 30 ஃபிரேமுக்கு இறங்கினால் முழு அகலம் திரும்பக் கிடைக்கும். ஸ்டெபிலைசேஷனை (கைக்குலுக்கலைச் சமன்செய்யும் வசதியை) ஆக்டிவ் அல்லது எலக்ட்ரானிக் என்று வைத்திருந்தாலும் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும்.

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் பெயரையும் கவனிக்க வேண்டும். நிக்கானில் டிஎக்ஸ், கேனனில் ஆர்எஃப்-எஸ் என்று இருந்தால் அது சின்ன சென்சாருக்கான லென்ஸ். சோனியில் எஃப்இ என்று இல்லாமல் வெறும் இ என்று மட்டும் இருந்தாலும் அதேதான். மவுன்ட்டில் உட்காரும், படமும் வரும், ஆனால் கேமரா கிராப்புக்குப் போய்விடும்.

எல்லாமே படத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லை

நேரில் பார்த்தபோது பிரமாண்டமாக இருந்த மலை, படத்தில் நடுவே ஒரு மெல்லிய பட்டை. மேலே பாதி வானம், கீழே பாதி தரை. லென்ஸ் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் நிற்கும் இடம்தான் சரியில்லை.

பொருள்களுக்கு இடையே உள்ள அளவு வித்தியாசத்தை முடிவு செய்வது நாம் நிற்கும் தூரம். லென்ஸுக்கு அதில் வேலையே இல்லை. வைட் லென்ஸ் செய்வதெல்லாம், மிக அருகில் நிற்க இடம் கொடுப்பது மட்டும்தான். அந்தச் சலுகையைப் பயன்படுத்தாவிட்டால் வைட் லென்ஸ் வீண். ஒரு பாறை இரண்டு மீட்டரில் இருந்தால் படத்தில் அது ஒரு துணுக்கு. அரை மீட்டருக்குப் போனால் நாலு மடங்கு பெரிதாகிவிடும். பின்னால் உள்ள மலை அதே அளவில்தான் இருக்கும். வைட் லென்ஸில் அரை அடி நகர்ந்தாலே படம் வேறு. குனியுங்கள், உட்காருங்கள், தேவைப்பட்டால் கேமராவைத் தரையோடு தரையாக வையுங்கள். ராமேஸ்வரம் பிராகாரம் போன்ற நீளமான இடத்தில் நட்டநடுவே நின்று எடுப்பதைவிட, ஒரு பக்கத் தூணை உரசுகிற மாதிரி நின்றால் ஆழம் தானாக வரும். (கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

முன்னால் வைக்க ஒன்றுமே இல்லாத இடமா? அப்படியானால் வைட் லென்ஸைப் பைக்குள் வையுங்கள். இயற்கைக் காட்சி என்றாலே வைட் ஆங்கிள்தான் என்பது பாதி உண்மைகூட இல்லை. வியூ பாயின்ட்டில் நின்று தூரத்து மலையடுக்குகளை எடுக்க 50 அல்லது 85 மி.மீ. எவ்வளவோ மேல்.

ஓரத்தில் நிற்பவர் குண்டாகத் தெரிகிறார்

மண்டபத்தில் குரூப் ஃபோட்டோ எடுத்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். "ஏன் தம்பி, நான் இவ்வளவு அகலமாவா இருக்கேன்?" அத்தை சொல்வது நியாயம்தான். அவர் அவ்வளவு அகலம் இல்லை.

இது லென்ஸின் குறை இல்லை. லென்ஸ் மாற்றினாலும் போகாது. நேர்கோட்டை நேராகவே காட்டும் எந்த வைட் லென்ஸும், அதற்கு ஈடாக ஓரத்தில் உள்ள கனமான பொருள்களை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். எவ்வளவு இழுக்கும் என்பது கோணக் கணக்கு. படுக்கைவாட்டுப் படத்தின் இடது அல்லது வலது விளிம்பில் ஒரு பந்து இருந்தால், 35 மி.மீ. லென்ஸில் அது உயரத்தைவிட சுமார் 12 சதவீதம் அகலமாகத் தெரியும். 24 மி.மீ.யில் 25 சதவீதம். 16 மி.மீ.யில் 50 சதவீதம். தலையும் ஏறத்தாழ உருண்டைதானே. மூலைக்குப் போகப் போக நிலைமை இன்னும் மோசம். சாஃப்ட்வேரில் லென்ஸ் புரொஃபைல் போட்டாலும் இது தீராது. புரொஃபைல் வளைந்த கோட்டை நிமிர்த்தும்போது ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கவே செய்யும்.

முதல் தீர்வு பின்னால் போவது. நாலு நாற்காலியை நகர்த்தச் சொல்லி, 28 அல்லது 35-இல் எடுங்கள். பின்னால் சுவர் இடித்தால் விளிம்பில் ஆள் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தூண், திரை, பூ அலங்காரம் எதுவாவது அங்கே வரட்டும். அகலத்தைக் குறைக்க ஒரே வரிசையை இரண்டாக்கலாம்.

நிறைய பேர் செய்யும் ஒரு காரியம் நிலைமையை மோசமாக்குகிறது. வரிசையின் இரு முனைகளையும் கேமராவை நோக்கி முன்னால் வளைத்து நிறுத்துகிறார்கள். சாதாரண லென்ஸில் அது அழகு. வைட் லென்ஸில் ஓரத்து ஆள்கள் அகலத்தோடு உயரத்திலும் பெரிதாகிவிடுவார்கள். வரிசை நேராகவே இருக்கட்டும், சென்சாருக்கு இணையாக. முனையில் நிற்பவர் உடம்பைக் கேமரா பக்கம் திருப்ப வேண்டாம். தோள் நேராக இருக்க, முகத்தை மட்டும் லேசாகத் திருப்பினால் போதும். சென்சாருக்கு இணையான தட்டையான பரப்பை வைட் லென்ஸ் இழுப்பதில்லை. ஓரத்தில் மாட்டியிருக்கும் கேலண்டர் சரியாகத் தெரிவதும், அதன் பக்கத்தில் நிற்பவர் அகலமாவதும் இதனால்தான்.

எடுத்து முடித்த படம் என்றால், டிஎக்ஸ்ஓ வியூபாயின்ட் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு திருத்தம் உண்டு. தலை சரியாகும், பின்னால் உள்ள சுவர்க்கோடு வளையும். மனிதர்கள் முக்கியம் என்றால் அது நல்ல பேரம்.

மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிவது வேறு பிரச்சினை. அது ஓரத்தில் நின்றதால் வருவதில்லை, மிக அருகில் போனதால் வருகிறது. ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

கோபுரம் பின்னால் சாய்கிறது

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றுகூடும். எல்லா லென்ஸிலும் நடப்பதுதான். வைட்டில் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். எலக்ட்ரானிக் லெவலை ஆன் செய்யுங்கள். இடம்வலச் சாய்வு மட்டும் பார்க்காமல், முன்பின் சாய்வையும் காட்டும் லெவலாக இருக்க வேண்டும். இரண்டும் பச்சையில் இருந்தால் கோபுரம் நேராக நிற்கும்.

நிற்கும், ஆனால் உச்சி வெட்டுப்படும். படம் உயரவாக்கில் வரும்படி கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, லெவலைக் கலைக்காமல் எவ்வளவு தூரம் போனால் உச்சி உள்ளே வரும் என்று ஒரு கணக்கு இருக்கிறது: கட்டடத்தின் உயரத்தை லென்ஸின் மி.மீ. அளவால் பெருக்கி 18-ஆல் வகுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமாகச் சொல்லப்படுவது 216 அடி. 24 மி.மீ. லென்ஸுக்கு 288 அடி தள்ளி நிற்க வேண்டும், 20-க்கு 240, 16-க்கு 192. அப்படி எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும். பரவாயில்லை, வெட்டிவிடுங்கள். 45 மெகாபிக்சலில் பாதியை வெட்டினாலும் இருபதுக்கு மேல் மீதி இருக்கிறது. பெரிய பிரின்ட்டுக்கே அது போதும். அல்லது அந்தக் கீழ்ப்பாதியில் கோலமோ, மழைத் தண்ணீரில் தெரியும் பிம்பமோ, உட்கார்ந்திருக்கும் ஆளோ வரும்படி நில்லுங்கள்.

தள்ளி நிற்க இடமில்லையா? சாய்த்தே எடுத்து, லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் நிமிர்த்துங்கள். இதற்குப் போகிறோம் என்று எடுக்கும்போதே தெரிந்தால், பக்கங்களில் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் கொஞ்சம் காணாமல் போகும். முழுசாக நூறு சதவீதம் நிமிர்த்தினால் கட்டடம் தலைகனத்துத் தெரியும். கொஞ்சம் சாய்வை மிச்சம் வைப்பதுதான் கண்ணுக்கு இயல்பு.

கட்டடக் கலை ஃபோட்டோதான் தொழில் என்றால், கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த விடும் ஷிஃப்ட் லென்ஸ். கேனனின் டிஎஸ்-இ 17 மி.மீ. எஃப்/4, நிக்கானின் பிசி 19 மி.மீ. எஃப்/4 இரண்டும் அடாப்டர் (வேறு மவுன்ட் லென்ஸை மாட்ட உதவும் இடைவளையம்) வழியாக மிரர்லெஸ்ஸில் வேலை செய்யும். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, விலையும் கனம். வேலை வரும்போது வாடகைக்கு எடுப்பதே என் கட்சி. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். லென்ஸை வாடகைக்குச் சொல்லும் முன்பு அதை முடித்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் நேராக இருந்த கோடு கம்ப்யூட்டரில் வளைகிறது

ஜேபெக் ஃபைல் சரியாக இருந்து, ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) மட்டும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் உப்பலாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மிரர்லெஸ் காலத்து வைட் லென்ஸ்கள் பலவற்றில், வளைவைத் திருத்தும் பாதி வேலையைக் கேமராவின் மென்பொருளே செய்கிறது. அதை நம்பித்தான் லென்ஸைச் சின்னதாக, லேசாக வடிவமைக்கிறார்கள். 165 கிராம் மட்டுமே எடையுள்ள கேனன் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப்/2.8 இதற்கு நல்ல உதாரணம்: திருத்தம் இல்லாத ரா ஃபைலில் பீப்பாய் வளைவு அப்பட்டமாகத் தெரியும், மூலைகள் கறுத்தே இருக்கும். நிக்கான் இசட் 14-30 மி.மீ. எஃப்/4 லென்ஸும் 14-இல் அப்படித்தான். லைட்ரூம் இந்தத் திருத்தத்தைத் தானாகவே போட்டுவிடும். டார்க்டேபிள், ராதெரபி பயன்படுத்துபவர்கள் லென்ஸ் திருத்தப் பகுதியை ஆன் செய்ய வேண்டும்.

மென்பொருளைச் சார்ந்த லென்ஸ் மட்டம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசிப் படத்தின் மூலை எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மூலைகள் இருட்டாக இருக்கின்றன

இருட்டு படிப்படியாக மங்குகிறதா, வெட்டினாற்போல் கறுப்பாக இருக்கிறதா என்று முதலில் பிரியுங்கள்.

வெட்டினாற்போல் என்றால் ஏதோ மறைக்கிறது. ஹூட் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) சரியாகப் பூட்டாமல் கொஞ்சம் திரும்பியிருக்கும், வேறு லென்ஸின் ஹூட்டாக இருக்கும், அல்லது யூவி ஃபில்டர் மேல் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), அதன் மேல் என்டி (ஒளியைக் குறைக்கும் ஃபில்டர்) என்று அடுக்கியிருப்பீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றினால் தெரிந்துவிடும். 20 மி.மீ.க்குக் கீழே ஒரே ஒரு ஃபில்டர், அதுவும் மெல்லிய விளிம்புள்ளதுதான்.

படிப்படியாக மங்குவது ஒளியின் இயல்பு. சாய்ந்து விழும் ஒளி பலவீனமாகத்தான் விழும். வெறும் கோணத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 24 மி.மீ.யில் மூலை சுமார் 1.7 ஸ்டாப்பும், 16 மி.மீ.யில் 3 ஸ்டாப்பும் இருண்டிருக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). நல்ல லென்ஸ் வடிவமைப்பு இதில் ஒரு பகுதியை மீட்டுவிடுகிறது. அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்/2.8-இலிருந்து எஃப்/5.6-க்கு மூடினால் இன்னும் கொஞ்சம் குறையும். மீதியை மென்பொருள் ஏற்றிக்கொள்ளும். அப்படி ஏற்றும்போது மூலையில் மட்டும் நாய்ஸ் (மணல் போன்ற புள்ளிகள்) கூடும் என்பதை இரவுப் படம் எடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மூலைகள் மங்கலாக இருக்கின்றன

இங்கேதான் உண்மையான லென்ஸ் கோளாறு ஒளிந்திருக்க வாய்ப்பு. அவசரப்படாமல் வரிசையாகப் பாருங்கள்.

படம் முழுக்கவே மங்கலா? அப்பர்ச்சர் எஃப்/16, எஃப்/22 என்று இருந்தால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதுதான் காரணம். எஃப்/8-க்குத் திரும்புங்கள். வைட் லென்ஸில் அதற்கு மேல் மூட வேண்டிய அவசியம் அபூர்வம்.

நாலு மூலையும் ஒரே அளவு மங்கலா? அகலமாகத் திறந்த அப்பர்ச்சரில் என்றால் பல லென்ஸ்களின் சுபாவம் அது. எஃப்/5.6 அல்லது எஃப்/8-இல் தெளிந்தால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அல்லது ஃபோகஸ் தளம் வளைந்திருக்கலாம்: நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலை மங்கும், மூலையில் ஃபோகஸ் செய்தால் மூலை பளிச்சென்று வரும், நடு மங்கும். இதுவும் வடிவமைப்பின் குணம்தான். நடுவுக்கும் மூலைக்கும் இடையில் ஓர் இடத்தில் ஃபோகஸ் வைத்தால் இரண்டும் சமாளிக்கும்.

ஒரே ஒரு மூலை, அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கலா? உள்ளே ஒரு கண்ணாடி மையம் தப்பி உட்கார்ந்திருக்கலாம். உறுதிசெய்ய இப்படிச் சோதியுங்கள். டிரைபாட், இரண்டு வினாடி டைமர், ஸ்டெபிலைசேஷன் ஆஃப், ஃபில்டர் கழற்றியாயிற்று, அப்பர்ச்சர் முழுத் திறப்பு. தூரத்தில் நுணுக்கமான விவரம் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் டவர் பிரமாதமாக உதவும். அதை நட்டநடுவில் வைத்து, பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இனி ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே டவர் நாலு மூலையிலும் வரும்படி நாலு படம். நாலையும் நூறு சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு முனையிலும் இதைச் செய்ய வேண்டும். 16-இல் நன்றாக இருந்து 35-இல் சொதப்பும் லென்ஸ்கள் உண்டு.

இதைக் காலையில் செய்யுங்கள். மதிய வெயிலில் கான்கிரீட்டிலிருந்து எழும் கானல் எந்த லென்ஸையும் மட்டமாகக் காட்டும். செங்கல் சுவரும் வேண்டாம். கேமராவைச் சுவருக்குத் துல்லியமாக இணையாக நிறுத்துவது ஏறக்குறைய முடியாத காரியம், அந்தச் சாய்வுதான் லென்ஸ் குறையாகத் தெரியும்.

ஒரு மூலை மட்டும் தெளிவாகப் பின்தங்கியிருந்தால், எஃப்/8-இலும் அது தேறவில்லை என்றால், லென்ஸை மாற்றிக் கேளுங்கள் அல்லது வாரன்டியில் அனுப்புங்கள். அந்த நாலு படத்தையும் சேர்த்தே கொடுங்கள். வாயால் விளக்கினால் எடுபடாது.

அடாப்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். மலிவு அடாப்டர் முடியளவு சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கும். லைகா எம் மவுன்ட் வைட் லென்ஸைச் சோனியில் மாட்டி, மூலை குழைந்து ஓரத்தில் ஊதா நிறம் படிந்தால் அதற்கு எளிய வைத்தியம் இல்லை. சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியின் தடிமன் முக்கியக் காரணம். அந்தப் பழைய வடிவமைப்புகளில் ஒளி மிகச் சாய்வாக அதன்மேல் விழுகிறது. ஃபோக்ட்லேண்டர் தன் 10, 12, 15 மி.மீ. லென்ஸ்களுக்குத் தனியாக இ மவுன்ட் பதிப்பு கொண்டுவந்ததை இங்கே நினைவில் கொள்ளலாம்.

முன்னால் உள்ள பூ தெளிவு, பின்னால் உள்ள மலை மங்கல்

16 மி.மீ., எஃப்/8-இல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டி ஃபோகஸ் வைத்தால், ஏட்டுக் கணக்குப்படி அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு. 20-க்கு அந்தத் தூரம் 1.7 மீட்டர், 24-க்கு 2.4. இந்தக் கணக்கு பழைய ஃபிலிம் காலத்துத் தாராள அளவுகோல். 45 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு மலை லேசாகக் குழைந்தே தெரியும். அதனால் ஃபோகஸை ஏட்டுத் தூரத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போது முன்னால் உள்ளது போதாது என்றால் இரண்டு மூன்று படம் வெவ்வேறு ஃபோகஸில் எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் இதைத் தானாகச் செய்யும் வசதி உண்டு.

படத்தில் பச்சைப் பொட்டு, வெள்ளை மூட்டம்

வைட் லென்ஸில் சூரியனைத் தவிர்ப்பது கஷ்டம். எங்கே திரும்பினாலும் உள்ளே வந்துவிடும். முதலில் பாதுகாப்புக்கு மாட்டிய ஃபில்டரைக் கழற்றுங்கள். அடுத்து முன்கண்ணாடியைத் துடையுங்கள். விரல் ரேகையும் கடல் உப்பும்தான் மூட்டத்தின் முக்கியக் காரணங்கள். சூரியன் சட்டத்துக்கு வெளியே இருந்தால் கையையோ தொப்பியையோ வைத்து நிழல் கொடுங்கள்; வைட் லென்ஸின் ஹூட்டுக்கு அவ்வளவு வலு கிடையாது. உள்ளேயே இருந்தால் டிரைபாடில் இரண்டு படம் எடுக்கலாம்: ஒன்று அப்படியே, இன்னொன்று விரலால் சூரியனை மறைத்து. பிறகு பொட்டு விழுந்த இடத்தை இரண்டாவது படத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம்.

எஃப்/16-இல் வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது சென்சார் மேல் உள்ள தூசி.

நீல வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலம்

போலரைசர். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானத்தில்தான் அது அதிகம் வேலை செய்யும். வைட் லென்ஸ் அந்தப் பகுதியைவிட அகலமான வானத்தைப் பார்ப்பதால் பட்டை விழுகிறது. கழற்றிவிடுங்கள். இலைப் பளபளப்பைக் குறைக்கவும் தண்ணீருக்கு அடியில் பார்க்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் குறுக்கே பெருக்கல் குறி போல இருட்டு விழுந்தால் அது வேரியபிள் என்டி (திருகினால் இருட்டு கூடும் வகை). அதை அதன் கடைசி எல்லை வரை திருகக் கூடாது. வைட்டுக்குச் சாதாரண என்டிதான் சரி.

நட்சத்திரம் கோடாகிறது, அல்லது சிறகு முளைக்கிறது

கோடாவது பூமி சுழல்வதால். 500-ஐ மி.மீ. அளவால் வகுத்தால் கிடைக்கும் வினாடி என்ற பழைய விதி, இன்றைய சென்சாருக்கு ஒத்துவராது. 300-ஆல் கணக்கிடுங்கள்: 20 மி.மீ.க்கு 15 வினாடி, 14 மி.மீ.க்கு 21. மூலையில் மட்டும் சிறகு முளைப்பது லென்ஸின் குணம். ஒரு ஸ்டாப் மூடினால் குறையும்.

எல்லா நட்சத்திரமும் உருண்டையாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தப்பு. மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் முடிவிலியைத் தாண்டியும் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை மேனுவலில் பெரிதாக்கி, மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு கேமராவை ஆஃப் செய்யாதீர்கள். பல லென்ஸ்களில் ஃபோகஸ் இடம் மாறிவிடும். ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வானாய்வகம் இருப்பதே வானம் இருட்டாக இருப்பதால்தான், டார்ச்சை அளவாகப் பயன்படுத்துங்கள்.

நடந்துகொண்டே எடுத்த வீடியோவில் ஓரம் ஜெல்லி போல ஆடுகிறது

கேமரா உடலின் ஸ்டெபிலைசேஷன் சென்சாரை நகர்த்தி நடுப்பகுதியை நிலையாக வைக்கிறது. வைட் லென்ஸில் அதே குலுக்கலுக்கு ஓரம் வேறு அளவில் நகர்வதால், நடு நின்றாலும் ஓரம் துடிக்கும். 16 மி.மீ.யில் கண்கூடாகத் தெரியும், 24-இல் குறைவு. கிம்பலில் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் கைப்பிடியில்) அல்லது டிரைபாடில் இருந்தால் ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்யுங்கள். கையில்தான் எடுக்க வேண்டும் என்றால் 20-க்கு மேல் போங்கள், அல்லது எலக்ட்ரானிக் முறையை ஆன் செய்து ஓரத்தை வெட்டக் கொடுங்கள்.

24-70 இருக்கிறது, எல்லோரும் அடங்கவில்லை: அடுத்து எது?

முதலில் எவ்வளவு அகலம் தேவை என்று அளந்துவிடுங்கள். நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி மி.மீ. அளவால் வகுத்தால், அந்தத் தூரத்தில் லென்ஸ் பிடிக்கும் அகலம் கிடைக்கும். பத்தடி தள்ளி நின்றால் 24 மி.மீ. 15 அடியைப் பிடிக்கும், 20 மி.மீ. 18 அடி, 16 மி.மீ. 22.5; 14 மி.மீ. ஏறக்குறைய 26, 12 மி.மீ. 30 அடி. வீட்டு உள்அறைகளை விற்பனைக்காக எடுப்பவருக்கு 16 தாராளம். 12, 14 எல்லாம் போனால் பத்துக்குப் பத்து அறை ஹால் மாதிரி தெரியும். வீடு பார்க்க வருகிறவர் ஏமாந்துபோவார்.

பழைய படங்களை லைட்ரூமில் மி.மீ. வாரியாக வடிகட்டிப் பாருங்கள். 24-இல் குவிந்து கிடந்து, அவற்றில் பலவற்றில் ஏதாவது வெட்டுப்பட்டிருந்தால் 16-35 வகை ஜூம் வாங்கலாம். 28, 35-இல்தான் குவியல் என்றால் வைட் லென்ஸே வேண்டாம். ஆசை வேறு, தேவை வேறு. கல்யாணமும் நிகழ்ச்சியும் எடுப்பவருக்கு எஃப்/2.8 ஜூம் சரி: டாம்ரான் 17-28, சிக்மா 16-28 இரண்டும் லேசானவை, ஃபில்டரும் மாட்டலாம். மலை ஏறுபவருக்கு எஃப்/4 போதும். இரவு வானத்துக்குச் சோனி 20 மி.மீ. எஃப்/1.8 போன்ற பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்). அது 373 கிராம்தான்.

முன்கண்ணாடி உப்பலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்மா 14-24 எஃப்/2.8, சோனி 12-24 எஃப்/2.8 போன்றவற்றில் முன்னால் ஃபில்டர் திருக முடியாது. பின்னால் செருகும் மெல்லிய ஃபில்டர்தான். அருவியும் கடலலையும் நீண்ட எக்ஸ்போஷரில் எடுப்பவருக்கு அது தினசரி எரிச்சல். அவர்களுக்கு 82 மி.மீ. ஃபில்டர் ஏற்கும் நிக்கான் 14-30 மாதிரி லென்ஸ் நிம்மதி.

பில் போடும் முன்பு, மேலே சொன்ன நாலு மூலைச் சோதனையைக் கடை வாசலில் நின்றே செய்துவிடலாம். கேமராவின் திரையில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மெமரி கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் பாருங்கள். திருப்பித் தர எத்தனை நாள் கெடு என்று மட்டும் கடைக்காரரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.